கட்டில் சொன்ன பதில்

நான் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். காலையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலச் சங்கு ஊதும்வரை பேச்சுதான். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடாது. "ஆபீசுல சம்பளத்துக்குப் பேசற, ஊட்டுல ஓசியில பேசற" என்பார் என் கணவர்.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், பேச்சு நின்றுபோனது. இதை யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் சொன்னால் எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ஒருவர் காபி குடிக்கிறாயா என்கிறார், இன்னொருவர் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். எழுதி வைத்துவிட்டால் தப்பிக்க முடியாது அல்லவா.

முதலில் கால் விரல்கள் மரத்தன. ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் குவார்ட்டர்ஸ் தெருவில் பாதி தூரம் நடந்திருக்கிறேன். பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து எக்ஸ்சேஞ்சில் யாருக்கோ இணைப்புக் கொடுக்கப் போன கை, பலகையின்மேல் அப்படியே கிடந்தது. தூக்கு தூக்கு என்கிறேன், அது என் கை இல்லை என்பதுபோல் கிடக்கிறது. அந்த வாரம் முடிவதற்குள் மூச்சு முட்டியது.

அம்பத்தூரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய நர்சிங் ஹோம் இருந்தது. மூச்சு இயந்திரம் அங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லி, அங்கே கொண்டுபோனார்கள். தொண்டையில் குழாய் போட்டார்கள், பேச்சு போயிற்று. அதற்குப் பின் முகம் போயிற்று, நாக்கு போயிற்று, கடைசியில் இமையும் விழியும் போயின. கண்ணைத் திறக்கவும் முடியாது, ஒழுங்காக மூடவும் முடியாது. காய்ந்துவிடக்கூடாது என்று மருந்து தடவி இமைகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி நரம்புகளைத் தாக்குகிற வியாதி என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. நரம்பு மெதுவாகத் திரும்பிவிடும், அதுவரை மூச்சை மட்டும் காப்பாற்றி வைக்க வேண்டும் என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்டது. யோசனையும் நன்றாக ஓடியது. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

பாரிவாக்கத்திலிருந்து என் கணவரின் சொந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "ஆளு எப்பவோ பூடுச்சுப்பா. மெஷின்தான் மூச்சு வுட்டுகினு கீது. கம்முனு ஊட்டுக்கு எடுத்துகினு போ" என்றார். என் கணவர் இருமினார். அவருக்கு அழுகை வந்தால் இருமுவார், அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து அந்த மனுஷனை ஒரு அறை அறையலாம் போலிருந்தது. விரல்கூட அசையவில்லை.

டாக்டர் எங்களைவிட இளையவர், வேகமாகப் பேசுவார். மறுநாள் மூளை அலையைப் படம் எடுக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆயாம்மா என் தலைமுடியைச் சீப்பால் வகிர்ந்து வகிர்ந்து பிடிக்க, அந்த இடைவெளிகளில் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார். காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற அந்த ஆயாம்மாவைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். கரண்டு போனால் மூச்சு இயந்திரம் நின்றுவிடும், ஜெனரேட்டரை ஓட்ட ஆள் வரும்வரை ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி எனக்கு மூச்சு கொடுத்தது அந்த அம்மாதான். அமுக்கிக்கொண்டே தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கும். உயிர் உள்ளவளிடம் பேசுவதுபோல என்னிடம் முதலில் பேசியதும் அதுதான்.

இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் பேனா முனைகள் காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கர்ர் கர்ர் என்று சீராக, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டு, இது என்ன, எதற்கு என்று நான் யோசிக்கத் தொடங்கியதும் அந்தச் சீர் கலைந்தது. யோசனையை நிறுத்தினால் திரும்ப வந்தது. என் மண்டைக்குள் நடப்பது வெளியே கேட்கிறது என்று எனக்குப் புரிந்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கச் செத்துக் கிடந்த லைனில் திடீரென்று மணி அடித்த மாதிரி இருந்தது.

டாக்டர் என் காதருகே குனிந்தார். "அம்மா, நூறிலிருந்து ஏழு ஏழா கழிச்சிட்டு வாங்க" என்றார். கழித்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று போகப்போகப் பேனாச் சத்தம் உடைந்தது. "போதும், நிறுத்துங்க." நிறுத்தினேன், கர்ர் திரும்பியது. மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு நிமிர்ந்து, "சார், உங்க வீட்டுக்காரம்மா உள்ளே முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நாம பேசறது எல்லாமே கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். என் கணவர் இருமி இருமி வெளியே போய்விட்டார்.

மூளை சும்மா இருக்கும்போது ஒரு சீரான அலை ஓடும், எதையாவது முனைந்து யோசித்தால் அது அடங்கிவிடும், இவ்வளவுதான் விஷயம் என்று டாக்டர் விளக்கினார். என் கணவர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். செய்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரியா தப்பா என்று முத்திரை குத்துவது அவர் வேலை. உலகத்தில் உள்ள எதையும் சரி, தப்பு என்று இரண்டாகப் பிரித்துவிட முடியும் என்று நம்புகிறவர். இந்த அலையைக் கேட்டதும் அவர் மூளையில் ஓடியது ஒன்றுதான். அலை இருந்தால் ஒரு பதில், இல்லாவிட்டால் இன்னொரு பதில். கேள்வி கேட்கலாமே.

அவருடைய கூட்டாளி ஒருவர், அதே தொழிற்சாலையில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் ஃபிட்டர். லீவு நாளில் டி.வி. ரிப்பேர் பார்ப்பார். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். டாக்டரிடம் அனுமதி வாங்கி, அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, மழையில் தள்ளிக்கொண்டே வந்தார். மூளை அலை இயந்திரத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்து, தானே செய்த ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரில் விட்டார். சீரான அலை வந்தால் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தும், அலை அடங்கினால் பேசாமல் இருக்கும்.

"மச்சான், எதை ஆமான்னு வெச்சிக்கலாம், எதை இல்லேன்னு வெச்சிக்கலாம்?" என்று கேட்டார் அவர்.

"பீப் வந்தா இல்லேன்னு வெச்சிக்கோ. சும்மா கெடந்தாலே பீப் வரும். அவ எப்பவும் இல்லே இல்லேன்னுதான் சொல்லுவா, பாவம், கஷ்டப்பட வேணாம்" என்றார் என் கணவர். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவளைக் கேலி செய்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான். அன்றைக்குத்தான் நான் பிழைத்துவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

ஆக, 'ஆமாம்' என்றால் நான் மூளையைப் போட்டுக் கசக்க வேண்டும். கணக்குப் போட்டு அலுத்துப்போய், எக்ஸ்சேஞ்ச் எண்களைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டோர்ஸ், கேன்டீன், பெயின்ட் ஷாப், மேனேஜர் அறை என்று ஒவ்வொரு இடத்தின் உள் எண்ணையும் தலைகீழாகச் சொல்லிப் பார்ப்பேன். பீப் உடனே அடங்கிவிடும். 'இல்லை' என்றால் எதையும் நினைக்காமல் கிடக்க வேண்டும். "தங்கச்சி, கேக்குதா?" என்று கூட்டாளி முதல் கேள்வி கேட்டார். ஸ்டோர்ஸிலிருந்து ஆரம்பித்துக் கேன்டீன் போவதற்குள் பீப் நின்றது. ஆயாம்மா கை தட்டியது. அன்று முதுகுக்குக் கீழே போர்வை சுருண்டு குத்திக்கொண்டிருந்ததை ஏழெட்டுக் கேள்வியில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்த சுகத்தை ராஜாக்கள்கூட அனுபவித்திருக்கமாட்டார்கள்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஏழு வயது. நான் படுத்த நாளிலிருந்து பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா வீட்டில் சாப்பாடு, அப்பாவோடு தூக்கம். தொண்டையில் குழாயும் கண்ணில் பிளாஸ்திரியுமாகக் கிடக்கிற என்னைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடும் என்று அவளை அழைத்து வரவில்லை. எனக்கோ அவள் குரலைக் கேட்காமல் ஒவ்வொரு நாளும் ஒரு வருஷம்.

என் கணவர் எதையும் முறைப்படி செய்கிறவர். தொழிற்சாலை ஆய்வுத் தாளைப் போலவே ஒரு தாள் தயாரித்தார். வரிசை எண், கேள்வி, நேரம், பதில், கையெழுத்து. ஒன்று, வலி இருக்கிறதா. இரண்டு, சளி அடைக்கிறதா. மூன்று, பாப்பாவைக் கூட்டி வரலாமா. நாலரை மணிச் சங்கு ஊதியதும் அவரும் கூட்டாளியும் ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பார்கள். ஐந்து மணிக்கு இங்கே. கை கழுவி, ஒயர் ஒட்டி, இயந்திரம் சூடாகி, முதல் கேள்வி ஐந்தே காலுக்கு. ஒரு நாள்கூடப் பிசகாது.

முதல் நாள் மூன்றாவது கேள்விக்கு வந்தார். "பாப்பாவ இட்டுகினு வரட்டுமா?" என்றார்.

நான் ஸ்டோர்ஸ், கேன்டீன் எல்லாம் தாண்டி, தொழிற்சாலை முழுவதையும் தலைகீழாகப் புரட்டினேன். பீப் நிற்கவில்லை. பீப் பீப் பீப் என்று ஓயாமல் கத்தியது. அவர் "சரிம்மா" என்று சொல்லித் தாளில் எழுதினார். பேனா உரசுகிற சத்தம் கேட்டது.

எனக்குத் திகைப்பாக இருந்தது. நான்தான் சரியாக யோசிக்கவில்லை, பாப்பா என்றதும் மனசு எங்கேயோ போய்விட்டது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்ஷனில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகமான பாகத்தை ஒரே அளவில் தள்ளமாட்டார்கள். மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாளில் அளப்பார்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் முத்திரை. நாளைக்கும் கேட்பார், நாளைக்குச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் பகல் முழுக்கப் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒத்திகை பார்த்தேன். சாயங்காலம் அதே கேள்வி. பதினேழு, முப்பத்துநாலு என்று ஆரம்பித்தேன். பீப் கொஞ்சம் அடங்கியது, உடனே திரும்ப வந்து ஓங்கிக் கத்தியது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அவர் மூன்றாவது கேள்வியை முடிக்கிற நேரத்தில் கட்டில் லேசாக நடுங்குகிறது. சுவருக்கு வெளியே ஒரு ரயில் போகிறது. மின்சார ரயில்கள் பாதி நேரம் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும், அவற்றுக்கு மேஜையில் உள்ள டம்ளர் மட்டும் கிணுகிணுக்கும். இது எக்ஸ்பிரஸ், நீளமான வண்டி, எங்கள் சுவரை ஒட்டிய பாதையில் வரும். கட்டில் நடுங்கத் தொடங்கும்போது பீப் தொடங்குகிறது. வண்டி போய் நடுக்கம் நின்றதும் பீப் நிற்கிறது. ஆனால் அதற்குள் அவர் எழுதி முடித்திருப்பார்.

பதில் சொன்னது நான் இல்லை, கட்டில்.

இது எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்வதற்கோ ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தைகள்தான் இருக்கின்றன, அதுவும் யாராவது கேட்டால்தான். "கட்டில் ஆடுகிறதா" என்று எந்தப் புண்ணியவான் கேட்பான். அவர் தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. "மூணு நாளும் வேணாம்னுட்ட. இந்தக் கோலத்துல குழந்தை பாக்க வேணாம்னு நெனைக்கிற. புரியுதும்மா" என்று என் நெற்றியில் கை வைத்தார். முத்திரை குத்திவிட்டார். அவர் முத்திரை குத்தினால் குத்தினதுதான், அந்தக் கேள்வி அதன்பின் தாளிலேயே வரவில்லை.

அதிலும் மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். குழந்தையிடம் டாக்டர் விடமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து என்னிடம் ஒப்பித்தார். "அம்மாவே வேணாம்னு சொல்லிச்சான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். உன் பழைய பொடவைய எடுத்துப் போத்திகினு படுத்துகிச்சு." அதற்கடுத்த வாரம், "இப்பல்லாம் உன்னப் பத்திக் கேக்கறதே இல்ல, பழகிடுச்சுபோல" என்றார், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு.

நோவு கொடுத்த வேதனையெல்லாம் ஒரு தட்டில் வையுங்கள், அந்த ஒரு வாரத்தை இன்னொரு தட்டில் வையுங்கள். என் பிள்ளை என்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அம்மா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அந்தச் சின்ன நெஞ்சில் எழுதியாகிவிட்டது. அவர் மற்ற கேள்விகள் கேட்கும்போது வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். ஏதோ கோளாறு என்று இயந்திரத்தைச் சோதிப்பார்கள் அல்லவா. "இன்னிக்கு அவளுக்கு மூடு சரியில்ல" என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஆயாம்மாவும் ஒரு ஈரப் பஞ்சும். ஒரு நாள் சாயங்காலம் என் தலையில் பசை காய்ந்து செதிலாக ஒட்டியிருக்கிறது என்று ஆயாம்மா பிடிவாதமாகத் தலை துடைத்துவிட ஆரம்பித்தது. அதுவரை ஒயர்களை என்ன செய்வது. அப்படியே தொங்கவிட்டால் பேனாக்கள் தாறுமாறாக ஓடும் என்று கூட்டாளி அவற்றை ஒரு ஈரப் பஞ்சில் அழுத்தி, என் தலைமாட்டில் கட்டில்மேல் வைத்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக்கு யோசனையும் இல்லை, அலையும் இல்லை, கம்ப்யூட்டர் பேசாமல் கிடந்தது. சுவருக்கு வெளியே வண்டி வந்தது. கட்டில் நடுங்கியது.

பீப் பீப் பீப்.

ஆயாம்மாதான் முதலில் வாயைத் திறந்தது. "இன்னா நைனா இது, பஞ்சுக்கும் மூளை கீதா? இல்லே இல்லேன்னு சொல்லுது."

கூட்டாளி ஒயரைத் தூக்கிப் பிடித்தார், பீப் நின்றது. திரும்பக் கட்டிலில் வைத்தார், கத்தியது. வண்டி போய்விட்டது, அடங்கியது. "மச்சான், ஒயரு ஆடுனா பேனாவும் ஆடுது. மூளை ஆடுதா கட்டில் ஆடுதான்னு கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்?" என்றார் மெதுவாக.

என் கணவர் பையிலிருந்து தாள்களை எடுத்துப் புரட்டுவது கேட்டது. நேரம் குறிக்கிற கட்டம் ஒன்று வைத்திருந்தார் இல்லையா, அது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. "அஞ்சு இருவது" என்று படித்தார். அடுத்த தாள், "அஞ்சு இருவது." மூன்றாவது, "அஞ்சு இருவத்தொண்ணு." அதற்குமேல் படிக்கவில்லை. மூன்று முறை அளந்தார், மூன்றும் ஒத்துவந்தது, மூன்றும் அதே வண்டி. நேரம் தவறாத மனுஷனும் நேரம் தவறாத வண்டியும் சேர்ந்து செய்த காரியம் இது.

ஆயாம்மா தலை துடைத்து முடித்தது. ஒயர்களைத் திரும்ப ஒட்டினார்கள், இந்தத் தடவை கட்டிலில் படாமல் சுவர் ஆணியில் தூக்கிக் கட்டினார்கள். என் கணவர் என் காதருகே வந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. "பாப்பாவ இட்டுகினு வரட்டுமா?"

ஸ்டோர்ஸ் எண்ணைப் பாதி சொல்வதற்குள் பீப் நின்றது. அவர் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பக் கேட்டார், பிறகு கிளம்பும்போது ஒரு தடவை. மூன்று முறையும் ஆமாம் என்றேன். பழைய மூன்று தாள்களிலும் குறுக்கே கோடு போட்டு, 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள்கள் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வந்தார். அவள் வரமாட்டேன் என்று அடம் பிடித்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா சமாதானம் சொல்லிக் கிளப்பியதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது, வாசலில் நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. அப்பாவின் கூட்டாளி கம்ப்யூட்டரைக் காட்டி, பீப் வந்தால் இல்லை, வராவிட்டால் ஆமாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரயிலின் கதையையும் சொன்னார். "எதுனா கேளும்மா, அம்மா பதில் சொல்லும்."

நாங்கள் எல்லோரும், பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பொம்மையைப் பற்றியோ கேட்பாள் என்று நினைத்திருப்போம்.

"நான் வர வேணாம்னு நீ சொன்னியாம்மா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் பீப் வர வேண்டும். பீப் வர என் மனசு சும்மா இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கேட்காத குரலைக் கேட்டுவிட்டு எந்தத் தாயின் மனசு சும்மா இருக்கும். உள்ளே ஆயிரம் லைன் ஒரே நேரத்தில் அடிக்கிறது. இல்லடி கண்ணு, இல்லவே இல்ல, நான் சொல்லல, கட்டில் சொல்லிச்சு என்று கத்துகிறேன். கத்தக் கத்த அலை உடைகிறது. கம்ப்யூட்டர் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஆமாம் என்று அர்த்தம். ஆமாம், நான்தான் வேண்டாம் என்றேன் என்று அது என் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இல்லை என்பதை எனக்குச் சுலபமாக வைத்ததாகச் சொன்னாரே என் கணவர். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை.

செருப்புச் சத்தம் ஒரு அடி பின்னால் போனது.

"தங்கச்சி, ஒண்ணும் யோசிக்காத, சும்மா இரு" என்றார் கூட்டாளி. அவர் சொன்னதும் சும்மா இருப்பது எப்படி என்று வேறு யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆயாம்மாதான் திரும்பவும். "இன்னாத்துக்கு அங்கேயே நிக்க வெச்சிகினு கீறீங்க? குழந்தைய மேல ஏத்தி வுடுங்கபா, அம்மா பக்கத்துல படுக்கட்டும்" என்றது. என் கணவர் தயங்கியிருப்பார். ஆயாம்மா குழாயை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தானே அவளைத் தூக்கி என் பக்கத்தில் விட்டது. கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்ததா, நான் கற்பனை செய்துகொண்டேனா, தொண்டைக் குழாய் வழியாக மூச்சு விடுகிறவளுக்கு எப்படித் தெரியும். கொஞ்ச நேரம் அவள் விறைப்பாகப் படுத்திருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, வீட்டில் தினமும் தூங்கும்போது செய்வாளே, நான்கூடத் திட்டுவேனே, அதேபோல் ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின்மேல் போட்டாள்.

தோல் மரத்துத்தான் இருந்தது. ஆனால் கனம் தெரிந்தது. அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு கிடந்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

பீப்.

ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல் வந்துகொண்டே இருந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். நம்பவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள் அல்லவா, அப்பாவின் பிள்ளை வேறு.

"இது ரயிலாப்பா, அம்மாவா?" என்று கேட்டாள்.

என் கணவர் கட்டில் கம்பியில் கை வைத்துப் பார்த்தார். நிதானமாக, மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். தலைமாட்டில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கால்மாட்டில் ஒரு தடவை. பிறகு இருமினார்.

"கட்டில் ஆடல" என்றார். "அம்மாதான்."